மாடு போட்ட கழித்தல் கணக்கு

1996 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை, காலை மணி ஏழு பத்து. வெயில் இன்னும் ஏறவில்லை. நல்ல பனி. காய்ந்த சோளத்தட்டுப் போரின் மேல் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. இவ்வளவையும் அன்றைய குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதியிருக்கிறேன். பனி ஈரத்தில் சோளத்தட்டின் எடை கூடும், அதைக் கழிக்க வேண்டும் என்பதற்காக எழுதியது. அந்தக் கழித்தலைச் சரியாகத்தான் போட்டேன். அடுத்ததாக இன்னொரு கழித்தல் போட்டேன். அதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தீவன ஆலோசனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. ஒரு பால் ஒன்றியத்தில் இருபத்தொன்பது வருடம் நான்கு மாதம் இதே வேலையைப் பார்த்தவன். மாடு எவ்வளவு தின்கிறது, அதில் எவ்வளவு சத்து, அது எவ்வளவு பாலாக வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. எதையும் எண்ணாமல் இருக்க முடியாத பிறவி நான். மருதமலைக்குப் போனால் படிகளை எண்ணி முடித்துவிட்டுச் சாமியைப் பார்க்க மறந்து இறங்கிவிடுவேன் என்று என் மனைவி சொல்வாள். ஒருமுறைதான் அப்படி நடந்தது. அவள் எல்லா முறையும் என்று சொல்கிறாள்.

அன்று நான் நின்றது பல்லடத்துக்குத் தெற்கே எட்டு மைலில் பாவாத்தாள் என்பவரின் மாட்டுச் சாளையில், அதாவது தொழுவத்தில். அவருக்கு நாற்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் சின்னச்சாமி விசைத்தறிப் பட்டறையில் தறி ஓட்டுகிறவர். ஒரு வாரம் வேலை இருந்தால் மறுவாரம் இருக்காது. ஆகவே வீடு ஓடுவது ஒரே ஒரு செவலைக் கலப்பினப் பசுவால். காலையில் நாலு, மாலையில் மூன்று, மொத்தம் ஏழு லிட்டர் பால். அந்த வருடம் ஐப்பசி மழை எங்கள் பக்கம் ஏமாற்றிவிட்டது. தை அறுவடையில் வழக்கமாக வரும் தட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்திருந்தது. பச்சைப் புல் புரட்டாசிக்கு முன்னால் கிடைக்காது.

“ஏனுங்க, இந்தப் போர் புரட்டாசி வரைக்கும் வருமுங்களா? வராதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. மாடு நல்லா இருக்கறப்பவே வித்துப்போடலாம். எளச்சுப் போனா எவன் வாங்குவான்?” என்று பாவாத்தாள் கேட்டார்.

கேள்வி அவ்வளவுதான். பசு இருக்குமா, போகுமா. அதற்குப் பதில் ஒரு வகுத்தல் கணக்கில் இருந்தது. எனக்கு அந்தக் காலை மிகவும் பிடித்திருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

போரின் மேல் ஏறி வரிசை வரிசையாக எண்ணினேன். 299 கத்தை. காலையில் பசுவுக்கு ஒன்றை அவிழ்த்திருந்தார், அதையும் சேர்த்து முந்நூறு. பத்துக் கத்தைகளைச் சுருள் தராசில் தொங்கவிட்டு நிறுத்தேன். சராசரி ஐந்தரைக் கிலோ. பனிக்கு அரைக் கிலோ கழித்து ஐந்து. ஆக ஆயிரத்து ஐந்நூறு கிலோ தட்டு. நாளைக்கு இரண்டு கத்தை, அதாவது பத்துக் கிலோ, பசுவின் முன்னால் அப்படியே முழுத்தட்டாகப் போட்டுக்கொண்டிருந்தார். அப்படிப் போட்டால் நூற்றைம்பது நாள். ஆனி மாதம் மூன்றாம் வாரத்தோடு போர் காலி.

சாளையின் மூலையில் முந்தின நாள் பசு தின்னாமல் விட்ட தட்டு குவிந்து கிடந்தது. அடித்தண்டும் கணுவுமாக, விரல் தடிமனில். அதையும் நிறுத்தேன். மூன்றரைக் கிலோ. மூன்றில் ஒரு பங்குக்கு மேலே வீண். இது என்ன ஆகிறது என்று கேட்டேன். தண்ணீர் காய வைக்கும் அடுப்புக்குப் போகிறது என்றார்.

“அம்மணி, பாலாக வேண்டியத நீங்க அடுப்புல வெச்சு எரிக்கறீங்க.”

“அது மாடு வேண்டாம்னு ஒதுக்கறதுங்க.”

“பசிச்சாத் தின்னும்.”

அந்த இரண்டு சொற்களை நான் எவ்வளவு எளிதாகச் சொன்னேன் என்பது இன்றும் என் காதில் இருக்கிறது. பசு தினமும் உண்மையில் தின்பது பத்தில் மூன்றரை போக ஆறரைக் கிலோ. அந்த ஆறரையை மட்டும் கொடுத்தால் போதும். பொறுக்கித் தின்ன முடியாதபடி இரண்டு அங்குலத் துண்டாக வெட்டிப் போட வேண்டும். ஆயிரத்து ஐந்நூறை ஆறரையால் வகுத்தால் 230 நாள். செப்டம்பர் 23. புரட்டாசி பிறந்து ஒரு வாரம். புண்ணாக்கும் தவிடும் பழைய அளவே. வயிற்றுக்குள் போகும் எடையில் ஒரு கிராம்கூடக் குறையாது. காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

தறியிலிருந்து வந்து கட்டிலில் சாய்ந்திருந்த சின்னச்சாமி, “அப்ப தண்ணி காய வைக்க வெறகுங்க?” என்றார்.

“அதுக்கு வேற ஏதாச்சும் பாத்துக்கோணுமுங்க.”

“பட்டறையில பத்து மணி நேரம் நின்னுபோட்டு வந்து, மாட்டுக்குப் பொரியலுக்கு நறுக்கறாப்பல நறுக்கோணும். தண்ணியும் பச்சத் தண்ணி. ஆபீசருக்கு மாட்டுக் கணக்கு மட்டுந்தான் தெரியுமாட்ட இருக்குது.”

“சும்மா இருங்க நீங்க. படிச்சவங்க சொல்றாங்க,” என்று பாவாத்தாள் அவரை அடக்கினார். நான் சிரித்தேன். விறகைக் கணக்கில் எழுதவில்லை.

மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 27, மறுபடி போனேன். தீவனத் தொட்டி துடைத்து வைத்தாற்போல் இருந்தது. குறிப்பேட்டில் “மிச்சம்: சுழி” என்று எழுதி அடியில் ஒரு கோடும் போட்டேன். பசு எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது. நான் சொன்னது நடந்துவிட்டது. பால் மட்டும் ஆறு லிட்டர்.

ஒரு லிட்டர் எங்கே போனது? மாசி வெயில் என்று எழுதினேன். கன்று போட்டு நான்கு மாதமாகிறது, இயல்பான இறக்கம் என்றும் எழுதினேன். ஒரு விளைவுக்கு இரண்டு காரணம் எழுதும்போதே நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும், இரண்டையும் நீங்கள் நம்பவில்லை.

மார்ச் 12. ஐந்து லிட்டர். பசுவின் விலா எலும்பு மூன்று தெரிந்தது. முன்பு தெரியவில்லை. இந்த முறை எனக்குக் கொஞ்சம் பதற்றமாகிவிட்டது. அவர் போடுகிற தட்டை என் கண்முன்னால் நிறுத்துப் பார்த்தேன். ஆறரை சரியாக இருந்தது. தராசு கெட்டுவிட்டதோ என்று பல்லடத்தில் ஒரு மளிகைக் கடையில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டுச் சோதித்தேன். தராசு சரி. போரிலிருந்து ஒரு கத்தையை உருவி முழுவதையும் நறுக்கிக் கலந்து பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். பத்து நாளில் முடிவு வந்தது. புரதம், நார், சாம்பல் எல்லாம் தை மாதம் முதல் முறை போனபோது நான் எடுத்து அனுப்பியிருந்த மாதிரிக்கு ஏறக்குறைய அதே எண்கள். தட்டு கெடவில்லை.

அதே தட்டு, அதே எடை, அதே பசு. பால் மட்டும் வேறு. நான் ஒரு தாளை எடுத்து மேலிருந்து கீழே மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் ஒரே விடை. கணக்கு சரியாக இருந்து உலகம் தவறாக இருந்தால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். கணக்கு தவறாது, ஆகவே ஆள்தான் தவறு என்று முடிவு கட்டினேன். ஊர்ப் பால் சங்கத்தில் பால் அளக்கிறவரிடம் போய், பாவாத்தாள் வெளியே டீக்கடைக்கு ஏதாவது பால் ஊற்றுகிறாரா என்று தணிந்த குரலில் கேட்டேன். அவர் இல்லை என்றார். ஊரில் தணிந்த குரலில் கேட்ட கேள்விதான் வேகமாகப் போய்ச் சேரும். நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு பாவாத்தாளின் வீட்டைத் தாண்டுவதற்குள் அவர் வாசலில் வந்து நின்றார்.

“கேட்டனுங்க. பால நான் வெளிய ஊத்தறனாங்க?”

“இல்லைம்மா, பொதுவா விசாரிச்சேன்.”

“பொதுவா ஏனுங்க விசாரிக்கோணும்? எங்கிட்டக் கேட்டா நாஞ் சொல்ல மாட்டனா? நீங்க சொன்னதுக்காக அந்த மனுசன் கையெல்லாம் காப்புக் காச்சு நறுக்கறாருங்க.”

வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு கிலோமீட்டர் வந்த பிறகுதான் தலைக்குட்டையை அவர் வாசலிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பப் போகவில்லை.

மார்ச் 26-ஆம் தேதி அவர் வீட்டில் பூட்டு. சின்னச்சாமிக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பட்டறைக்குப் போனேன். உள்ளே இருபத்து நான்கு தறி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று பேசினாலும் ஒருவர் வாயைப் பார்த்துத்தான் மற்றவர் புரிந்துகொள்ள முடியும். நான் வாயைப் பார்க்கவில்லை. பாவாத்தாளின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்ததால் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பால் எவ்வளவுங்க இப்ப?”

“நாலே கால்.”

“எப்ப இருந்து கொறஞ்சுதுன்னு உங்களுக்குத் தோணுது?”

அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. “கழிச்சல் நின்றதிலிருந்து பால் இல்லை.”

கழிச்சல் என்றால் மாட்டுக்கு வயிற்றுப்போக்கு. அந்தப் பசுவுக்கு வயிற்றுப்போக்கு இருந்ததாக முதல் நாள் எழுதிய குறிப்பில் இல்லை. அவர் மறைத்துவிட்டாரோ, நான் கேட்க மறந்தேனோ. சரி, குடற்புழு இருக்கும் என்று எண்ணி முப்பத்தெட்டு ரூபாய்க்குப் புழுநீக்க மருந்து வாங்கி மறுநாள் பால் வண்டியில் கொடுத்தனுப்பினேன். என்மேல் அவ்வளவு கோபத்திலும் அவர் அதைச் சொன்ன அளவில் ஊற்றியிருக்கிறார். இளைத்த மாடு, இரண்டு நாள் பீய்ச்சி எடுத்துவிட்டது. இல்லாத கழிச்சலுக்கு மருந்து கொடுத்து உண்மையான கழிச்சலை வரவழைத்தேன். பால் மூன்றரை.

ஆனால் என்னை உலுக்கியது அந்த வாக்கியம்தான். கழிச்சல் நின்றால் பால் ஏற வேண்டும். நின்றதிலிருந்து பால் இல்லை என்றால் என்ன அர்த்தம்? குடல் வேகமாக ஓடியபோது சத்து அதிகம் ஏறியதா? அப்படி எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை. இரண்டு வாரம் அதையே சுமந்துகொண்டு திரிந்தேன். பேருந்தில் பயணச்சீட்டின் பின்னால் அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஏப்ரல் 10-ஆம் தேதி எங்கள் மேலதிகாரியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும், தறிச்சத்தம் உட்பட, வரிசையாகச் சொன்னேன். அவர் அதிகம் பேசாத மனிதர். கோப்பில் கையெழுத்துப் போட்டபடியே கேட்டார்.

“அந்தம்மா சொன்னாங்களா, தறி சொல்லுச்சா?”

எனக்கு விளங்கவில்லை. நின்றுகொண்டிருந்தேன்.

“நேர்ல போங்க. வாயைப் பாத்துக் கேட்டுட்டு வாங்க,” என்றார். அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 11, வியாழக்கிழமை, காலை ஆறே முக்கால். சாளையில் பாவாத்தாள் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். முளைக்குச்சியில் கயிறு இல்லை. பசு இல்லை. என் தலைக்குட்டை துவைத்து மடித்துச் சன்னல் கம்பியில் செருகியிருந்தது.

“தட்டு இருக்குதுங்க,” என்றார் நிமிராமலே. “நீங்க சொன்னாப்பல புரட்டாசி வரைக்கும் வரும். மாடுதானுங்க இல்லை. விடிகாலம் சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிட்டாரு.”

கேட்க வந்த சொல் எனக்கு மறந்துபோயிற்று. வண்டியைத் திருப்பினேன்.

சந்தையில் சின்னச்சாமி டீக்கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையை இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தார். நாலாயிரத்து முந்நூறுக்கு விற்றாயிற்று. தை மாதத்தில் அதே பசுவுக்கு ஏழாயிரம் கேட்டுப் போனவர்கள் உண்டு என்று எனக்குத் தெரியும்.

“வாங்குனது அந்தப் பச்சைத் துண்டுக்காரருங்க. போய் வேணும்னா அவருக்கும் ஒரு சீட்டு எழுதிக் குடுங்க,” என்றார்.

பச்சைத் துண்டு வியாபாரி செவலையை வேப்பமரத்தடியில் கட்டி, அதன் முன்னால் இரண்டு கத்தைத் தட்டை அவிழ்த்து முழுசாகப் பரப்பியிருந்தார். பசு தலையைத் தட்டுக்குள் நுழைத்துத் தோகையைச் சுருட்டி இழுத்தது. நுனியைக் கடித்தது. ஒரு தட்டைப் பாதி வரை மென்றுவிட்டு அடித்தண்டை வாயிலிருந்து நழுவவிட்டது. மூக்கால் தள்ளிவிட்டு அடியிலிருந்த அடுத்ததைத் தேடியது. அறுபத்தைந்து நாள் என் துண்டுத் தட்டைத் தின்ற பசு, யாரோ கணக்கைத் திருப்பிக் கொடுத்ததுபோல் நின்று எண்ணிக்கொண்டிருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் அங்கேயே நின்றேன். பிறகு பையிலிருந்து தராசை எடுத்து அது ஒதுக்கியதை நிறுத்தேன்.

வியாபாரி பக்கத்து ஆளிடம், “இருவது வருசமாச் சந்தைக்கு வாரேன். மாட்ட உட்டுப்போட்டுத் தட்ட எடை போடற ஆள இன்னைக்குத்தான் பாக்கறேன்,” என்றார்.

“ஏனுங்க, ஒரு மாட்டுக்கு எதுக்கு இவ்வளவு தட்டு? பாதி வீணாகுதே,” என்றேன். இத்தனைக்கும் பிறகு அப்படித்தான் கேட்டேன்.

“கழிசல் உழுந்தாத்தானுங்க கறவை மாடு. கழிசலே உழுகாம தொட்டியத் தொடச்சு வெச்சா, கட்டையத் தின்னு படுத்துக்கும். வயிறு ரொம்பும், மடி ரொம்பாதுங்க.”

கழிசல். அங்கே தறி இல்லை. மாட்டு மணியும் மனிதக் குரலும்தான். அவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கழிசல் என்றால் கழித்துப் போட்டது, ஒதுக்கியது. பசு தின்னாமல் தள்ளிவிட்ட தட்டு. பாவாத்தாள் சொன்னது அதுதான். கழிசல் நின்றதிலிருந்து பால் இல்லை. அவர் காரணத்தை ஒரே வரியில் சொல்லியிருக்கிறார். நான் அதில் ஒரு “ச்” சேர்த்து எழுதி, அதற்கு மருந்து வேறு வாங்கி ஊற்றியிருக்கிறேன். குறிப்பேட்டைத் திறந்து அந்த எழுத்தை அடித்தேன்.

நடந்தது இதுதான். சோளத்தட்டில் தோகை ஒரு தீவனம், அடித்தண்டு வேறொரு தீவனம். இரண்டையும் சேர்த்து அரைத்தால் பரிசோதனைக் கூடம் சராசரியைச் சொல்லும். பசு சராசரியைத் தின்பதில்லை. பத்துக் கிலோ போட்டபோது அது நல்லதாக ஆறரைக் கிலோவைத் தேர்ந்தெடுத்தது. நான் ஆறரையை வெட்டிப் போட்டபோது தோகையும் கட்டையும் கலந்த ஆறரையைத் தின்றது. எடை ஒன்றுதான். ஆறரையும் ஆறரையும் சமம் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். நானும் அதைத்தான் சொன்னேன். பத்திலிருந்து மூன்றரையை நான் கழித்தேன். எந்த மூன்றரை என்பதைப் பசு கழித்தது.

பசுவைத் திரும்ப வாங்குவதென்று அங்கேயே முடிவு செய்தேன். தவறான கூட்டலைத் திருத்தாமல் கோப்பை மூட எனக்கு வராது. வியாபாரி என் கையைப் பிடித்துத் தன் பச்சைத் துண்டை மேலே போட்டு மூடினார். சந்தையில் விலையை அப்படி விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள், முதல் பிடி ஆயிரம், அடுத்த பிடி நூறு என்று தெரியும். என் வாழ்நாளில் செய்ததில்லை. துண்டுக்குள் முதலில் ஒரு பிடி, பிறகு ஒரு பிடி. மொத்தம் ஒன்பது விரல். நாலும் ஐந்தும் ஒன்பது. நாலாயிரத்து ஐந்நூறு, அவருக்கு இருநூறு லாபம், நியாயம்தான் என்று தலையை ஆட்டினேன்.

“முடிஞ்சுதுங்க,” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

முன்பணம் ஐந்நூறு கொடுத்துவிட்டு, இரண்டு மணிக்கு மூடும் வங்கிக்கு ஓடிப் பணம் எடுத்து வந்து நாலாயிரத்தை எண்ணி வைத்தேன். அவர் மறுபடி எண்ணினார். இன்னும் தொள்ளாயிரம் என்றார். அவர் முதலில் பிடித்தது ஐந்து விரல், பிறகு நாலு. ஐயாயிரத்து நானூறு. ஒன்பது விரல் என்பதில் நான் தவறவில்லை. எது முதலில் வந்தது என்று கவனிக்கவில்லை. அன்று ஒரே நாளில் இரண்டாவது தடவை மொத்தம் சரியாக இருந்து நான் தோற்றேன். தலையாட்டிவிட்ட பிறகு சந்தையில் பேச்சு கிடையாது. மறுபடி வங்கி, மூட ஏழு நிமிடம் இருந்தது.

வேனில் பசு வந்து இறங்கியபோது பாவாத்தாள் முதலில் அதன் வாயைத்தான் பார்த்தார். வாய் ஓரத்தில் ஒரு தோகைத் துணுக்கு ஒட்டியிருந்தது. விற்ற பணம் நாலாயிரத்து முந்நூறை அப்படியே கொண்டுவந்து என் கையில் வைத்தார். மீதியைப் பற்றி அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. சின்னச்சாமிக்குத் தெரிந்திருந்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முன்னாடி போட்டாப்பலயே ரெண்டு கத்தை, முழுசாப் போடுங்க,” என்றேன்.

“அப்பப் போர் புரட்டாசி வரைக்கும் வருமுங்களா?”

“வராதுங்க. இருக்கறது இருநூத்திப் பதினஞ்சு கத்தை. நூத்தியேழு நாள். ஆடி பன்னெண்டோட முடிஞ்சுரும்.”

“இதத்தானுங்க மொதல்லயே கேட்டேன்.”

“மீதிக்குத் தட்டு நான் வாங்கித் தர்றனுங்க.”

“சரிங்க,” என்றார். உள்ளே போகத் திரும்பியவர் நின்று, “பால்கணக்கு இப்பச் சரியா வருதுங்களா?” என்று கேட்டார். அவர் பாலை வெளியே ஊற்றுகிறாரா என்று நான் விசாரித்த நாளிலிருந்து அந்தக் கேள்விக்குப் பத்தொன்பது நாள் வயது. மன்னிக்கச் சொல்லி ஏதோ முனகினேன். தலைக்குட்டையை எடுத்துக்கொடுத்தார்.

பால் மூன்று வாரத்தில் ஐந்தரைக்கு வந்தது. ஏழுக்கு வரவேயில்லை. பசு அந்த வீட்டிலேயே இருந்தது, இன்னும் மூன்று ஈத்து.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு விதி கேட்டால் என்னிடம் தெளிவாக இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். மூன்றில் ஒரு பங்கு கழிசல் விழ வேண்டும் என்று அதன்பிறகு சில வீடுகளில் சொல்லிப் பார்த்தேன். ஒரு வீட்டில் காலே பங்கு விழுந்து பால் ஏறியது. ஒரு வீட்டில் பாதி விழுந்தும் ஏறவில்லை. தட்டை நறுக்கிப் போட்டுக்கொண்டே பருத்திக்கொட்டையைக் கூட்டிச் சமாளித்த வீடும் உண்டு. தாராளமாகப் போடுங்கள் என்றால் பஞ்ச வருடத்தில் போர் பாதியில் தீரும். சிக்கனமாகப் போடுங்கள் என்றால் பசு இளைக்கும். இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு என்று இருபது வருடம் தேடியும் எனக்குப் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் விடாமல் செய்தேன். எந்தச் சாளைக்குப் போனாலும் தொட்டியில் இருப்பதைப் பார்க்கும் முன் மூலையில் கிடப்பதைப் பார்ப்பேன். அதை என்னவென்று அந்த வீட்டார் சொல்கிறார்கள் என்று வாயைப் பார்த்துக் கேட்டு எழுதிக்கொள்வேன்.

செலவையும் எழுதி முடித்துவிடுகிறேன். பசு வாங்கியதில் வித்தியாசம் ஆயிரத்து நூறு. வேன் நூற்றைம்பது. புழு மருந்து முப்பத்தெட்டு. பெட்ரோல் இருபத்திரண்டு. போர் ஆடியில் தீர்ந்ததும் வாங்கிய தட்டு, நூற்றுப் பதினாறு கத்தை என்று கணக்கிட்டேன், நூற்று இருபத்தொன்று ஆயிற்று, கத்தை ஆறு ரூபாய் வீதம் எழுநூற்று இருபத்தாறு. கூட்டினால் இரண்டாயிரத்து முப்பத்தாறு.

புரட்டாசியில் கடைசி முறையாக நான் போனபோது இந்தக் கூட்டலைச் சின்னச்சாமியிடம் காட்டினேன். எதற்குக் காட்டினேன் என்று தெரியவில்லை. சாளை மூலையில் கழிசல் குவிந்திருந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் தாளை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார்.

“ஒண்ணு உட்டுப்போச்சுங்க,” என்றார். “நீங்க கழிசல நிறுத்துன ரெண்டு மாசம் நாங்க வெறகு வாங்கினோமுங்க. நாப்பது ரூவா.”

விறகையும் சேர்த்து, இரண்டாயிரத்து எழுபத்தாறு ரூபாய்.